செங்கல்லும் ஓடும் நிறமும்: பேர்லின் தொழிலாளர் குடியிருப்புகளின் வரலாறு

வீட்டின் புறச்சுவருக்கு எந்நிறம் பூசுவது என்ற கேள்வி வரலாற்று ஆராய்ச்சிக்கு உரியதன்று என்று கருதுவோர் நம்மிடையே உளர். வீட்டுக்காரரின் விருப்பம், பூச்சு வேலை செய்பவரின் கைத்திறன், கடையிற் கிடைக்கும் பூச்சின் விலை ஆகியவற்றோடு முடிந்துவிடும் விஷயம் அது என்பது அவர்தம் எண்ணம். கையிற் பணமுள்ளவன் தன் வீட்டுச் செங்கல்லுக்கும் கூரை ஓட்டுக்கும் இசைவான நிறத்தைத் தேடி மூளையைக் குழப்பிக்கொள்ளட்டும். ஒழுகும் கூரையை வேய்வதற்கே வழியற்றவனுக்கு நிறத்தைப் பற்றிய பேச்சு எதற்கு என்றும் கேட்கப்படுவதுண்டு. இக் கேள்வி நியாயமானதே. ஆயின், இதே கேள்வியை ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் ஜேர்மனியத் தொழிலாளர் இயக்கமும் எதிர்நோக்கியது. அவ்வியக்கத்தோடு சேர்ந்து உழைத்த கட்டடக் கலைஞர் சிலர் அதற்கு விடையும் கண்டனர். அவ்விடை ஏட்டளவில் நில்லாது பேர்லின் மாநகரின் சுவர்களிலே பூசப்பட்டது, பின்னர் மறைக்கப்பட்டது, பல்லாண்டுகளின் பின் மீண்டும் வெளிப்பட்டது. அவ்வரலாற்றைச் சுருக்கமாக எடுத்துரைப்பதே இக் கட்டுரையின் நோக்கமாகும்.

முதலிற் பொருள்களின் இயல்பை நோக்குவோம். எந்தக் கட்டடத்திலும் மாறாத நிறங்கள், மாற்றத்தக்க நிறங்கள் என இருவகை உள. செங்கல்லின் நிறமும் ஓட்டின் நிறமும் சூளையிலேயே தீர்மானிக்கப்பட்டு விடுகின்றன. களிமண்ணிற் கலந்துள்ள இரும்பு, சூளையின் வெப்பத்திற் காற்றோடு கூடிச் செந்நிற ஒட்சைட்டாக மாறுகின்றது. செங்கல் சிவப்பதும் ஓடு சிவப்பதும் இதனாலேயே. சாந்தின்மேல் இடப்படும் பூச்சு மட்டுமே மனிதன் வேண்டியபோது மாற்றிக்கொள்ளக் கூடியது. ஆகவே, மாறாததை முதலிற் பார்த்து, அதற்கேற்ப மாறுவதைத் தேர்ந்துகொள்வதே முறையாகும். காவியும் மஞ்சட் காவியும் செங்கற் சுவரோடும் ஓட்டுக் கூரையோடும் கண்ணை உறுத்தாது பொருந்துவதற்குத் தக்க காரணம் உண்டு. காவி என்பது இரும்பின் ஒட்சைட்டே. மஞ்சட் காவி, அதே ஒட்சைட்டு நீரோடு சேர்ந்துள்ள வடிவம். அதனைச் சுட்டால் அதுவும் சிவந்துவிடும். சுவரிற் பூசிய காவியும் கூரைமேல் அடுக்கிய ஓடும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் எனலாம்.

நீலத்தின் கதை வேறு. பேர்லின் நகரிலேயே பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கண்டுபிடிக்கப்பட்ட பிரஷ்ய நீலம், சுண்ணாம்பின் காரத்தைத் தாங்காது கெட்டுவிடும். சுண்ணாம்பைத் தாங்கவல்ல அல்ட்ரமரைன் நீலமோ ஆப்கானிஸ்தானத்து மலைகளில் அகழ்ந்தெடுத்த அருங்கல்லை அரைத்துப் பெறப்பட்டது. தேவாலயங்களின் ஓவியங்களுக்கும் பிரபுக்களின் மாளிகைகளுக்குமே அது எட்டியது. 1828ஆம் ஆண்டளவிற் பிரான்சிலும் ஜேர்மனியிலும் அதனைச் செயற்கையாக ஆக்கும் வழிகள் கண்டறியப்பட்டன. அதன்பின் அரசர்க்குரிய நீலம் ஆலையில் மலிவாக உற்பத்தியாயிற்று. வெளுத்த துணிக்கு இடும் நீலமாக நமது வீடுகளிலும் புகுந்த பொருள் அதுவே. ஒரு நிறம் ஏழையின் சுவருக்கு வந்து சேர்வதற்கு முன்னர் உற்பத்தி முறையில் ஒரு மாற்றம் நிகழவேண்டியிருந்தது என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

நிறத்துக்கும் சமூகத் தரத்துக்குமுள்ள தொடர்புக்குச் சுவீடன் தேசத்துச் செந்நிற வீடுகள் நல்ல சான்று. பாலுன் என்னுமிடத்துச் செப்புச் சுரங்கத்திலிருந்து ஒதுக்கப்பட்ட மண்ணைச் சுட்டு அரைத்து ஆக்கப்பட்ட இரும்புச் சிவப்பை, பதினாறாம் பதினேழாம் நூற்றாண்டுகளில் மேற்குடியினர் தம் மர வீடுகளுக்குப் பூசினர். செங்கற்கட்டடம் செல்வத்தின் அடையாளமாக இருந்த காலம் அது. செங்கல் வாங்க இயலாவிடினும் செங்கல்லின் நிறத்தையேனும் காட்டவேண்டும் என்ற ஆசையே அச் சிவப்புக்குக் காரணம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதே சிவப்பு குடியானவரின் குடிசைகளுக்குப் பரவியது. இன்று அது சுவீடனின் நாட்டுப்புறத்துக்கே உரிய நிறமாகப் போற்றப்படுகிறது. சுரங்கம் 1992இல் மூடப்பட்ட பின்னும் பூச்சு உற்பத்தி தொடர்கின்றது.

ஐரோப்பாவின் நகரங்களிலோ மேற்குடியினரின் சுவை வேறு திசையிற் சென்றது. பழங் கிரேக்கக் கோயில்களும் சிலைகளும் தூய வெண்பளிங்காகவே நின்றன என்ற நம்பிக்கை பதினெட்டாம் நூற்றாண்டிற் கற்றோரிடையே வேரூன்றியது. அக் கோயில்கள் சிவப்பும் நீலமும் மஞ்சளும் தீட்டப்பட்டு விளங்கியவை என்பதை ஹிற்றோர்ப், செம்பர் முதலிய கட்டடக் கலைஞர்கள் 1830களில் எடுத்துக்காட்டியபோது பலர் அதனை ஏற்க மறுத்தனர். பெருங்கவிஞர் கோதேயும் 1810இல் வெளிவந்த தமது நிறக் கோட்பாட்டு நூலில், நாகரிகமடையாத மக்களும் கல்வியறிவற்றோரும் குழந்தைகளுமே பளிச்சென்ற நிறங்களை விரும்புவர் என்றும், பண்பட்டோர் தம் உடையில் அவற்றை விலக்குவர் என்றும் கருத்துரைத்தார். நிறமே பாமரத்தனத்தின் முத்திரையாயிற்று. இக் கருத்து ஐரோப்பாவோடு நின்றுவிடவில்லை. குடியேற்ற நாடுகளின் மக்களைப் பற்றி ஆண்டவர்கள் எழுதியவற்றிலும், நம்மவரிற் படித்தோர் சிலர் நமது பாமர மக்களின் சுவையைப் பற்றி முகஞ்சுளித்துப் பேசுவதிலும் இதன் எதிரொலியைக் கேட்கலாம்.

இனிப் பேர்லினுக்கு வருவோம். 1871இல் ஏறத்தாழ எட்டு இலட்சம் பேர் வாழ்ந்த நகரில் 1905ஆம் ஆண்டளவில் இருபது இலட்சம் பேர் நெருங்கினர். கிழக்கிலிருந்து வேலை தேடி வந்த உழவர் குடும்பங்களை ஆலைகள் விழுங்கின. அவர்களுக்கு உறைவிடம் அளிப்பது நில வியாபாரிகளின் வேட்டைக்காடாயிற்று. 1853ஆம் ஆண்டுக் கட்டட விதி, உள்முற்றம் ஒன்றின் குறைந்த அளவை ஒவ்வொரு பக்கமும் 5.34 மீற்றர் என வகுத்திருந்தது. தீயணைக்கும் வண்டி திரும்புவதற்குப் போதிய இடம் அதுவே என்பதுதான் அவ்வளவுக்குக் காரணம். வெயிலையோ காற்றையோ குழந்தைகளையோ எவரும் கணக்கிடவில்லை. இவ்விதி தந்த சலுகையைக் கடைசி அங்குலம்வரை பயன்படுத்தி, முற்றத்தின் பின் முற்றமாக ஐந்து மாடி வாடகைக் கட்டடங்கள் எழுந்தன. 1870களில் வெடிங் பகுதியிற் கட்டப்பட்ட மையர்ஸ் ஹோவ் என்ற கட்டடத்தில் ஆறு முற்றங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இருந்தன. மக்கள் இத்தகைய கட்டடங்களை ‘வாடகைப் பாசறைகள்’ என்றே அழைத்தனர்.

இவற்றின் முகப்பைப் பார்த்தவர் உள்ளே நிகழ்வதை ஊகித்தறிய இயலாது. தெருவை நோக்கிய சுவரிற் சாந்தினாற் செய்த தூண்களும் மலர்மாலைகளும் சிங்க முகங்களும் நிறைந்திருக்கும். செங்கற் சுவரின்மேற் சாந்திட்டு, கருங்கல்லோ மணற்கல்லோ என ஐயுறும் வண்ணம் சாம்பற் பூச்சும் மங்கிய பழுப்புப் பூச்சும் பூசப்பட்டன. பின்முற்றத்துச் சுவர்களுக்கு அந்தப் பொய்யழகும் இல்லை. வெற்றுச் சாந்து நிலக்கரிப் புகையிற் கறுத்துக் கிடந்தது. ஆகவே பேர்லின் தொழிலாளி அறிந்த நிறம் சாம்பல் ஒன்றே. முகப்பில் அது செல்வத்தின் போலி. முற்றத்தில் அது வறுமையின் உண்மை.

இச் சூழலிலேயே புரூனோ தவுட் என்னும் கட்டடக் கலைஞரின் பணி தொடங்கியது. 1880இற் கோனிக்ஸ்பேர்க் நகரிற் பிறந்த இவர், இளமையில் ஓவியராவதா கட்டடக் கலைஞராவதா என்று தயங்கியவர். பேர்லினின் தென்கிழக்கே கிரூனாவுக்கு அண்மையிற் கூட்டுறவுச் சங்கமொன்று தொழிலாளருக்கும் கைவினைஞருக்கும் வீடமைக்க முன்வந்தபோது, அப் பணி இவரிடம் ஒப்படைக்கப்பட்டது. பால்கன்பேர்க் தோட்டக் குடியிருப்பு எனப்படும் அது 1913இல் தொடங்கப்பட்டது. ஏறத்தாழ 1,500 வீடுகள் கட்டத் திட்டமிருந்தது. முதலாம் உலகப் போர் குறுக்கிட்டமையால் 128 வீடுகளே எழுந்தன.

அங்கே தவுட் எதிர்நோக்கிய இடர்ப்பாடு எளிமையானது. செலவைக் குறைக்கவேண்டின், ஒரே அளவான அறைகளும் ஒரே அளவான யன்னல்களும் கொண்ட வீடுகளை வரிசையாகக் கட்டவேண்டும். அவ்வாறு கட்டினால் அவை மீண்டும் பாசறைகளாகவே தோன்றும். அலங்காரச் சிற்பங்களுக்குப் பணமில்லை. பணம் இருந்தாலும் அப் பொய்யழகை அவர் விரும்பவில்லை. மிகக் குறைந்த செலவில் வீட்டுக்கு வீடு வேறுபாட்டையும் வரிசைக்கு ஒற்றுமையையும் தரவல்லது நிறம் ஒன்றே எனக் கண்டார். சாய்ந்த கூரைகளிற் சிவந்த ஓடுகள் இருந்தன. அவை தெரு முழுவதற்கும் பொதுவான மாறா நிறம். அதன் கீழே ஒரு வீடு காவிச் சிவப்பு, அடுத்தது மஞ்சட் காவி, அதற்கடுத்தது ஒலிவப் பச்சை, பின்னொன்று ஆழ்ந்த அல்ட்ரமரைன் நீலம் எனச் சுண்ணாம்பிற் குழைத்த நிறங்களைப் பூசுவித்தார். யன்னற் சட்டங்களுக்கும் கதவுகளுக்கும் வேறு நிறங்கள் வந்தன. ஓட்டின் சிவப்போடு உறவு கொண்டாடும் காவிகளும், அதற்கு மறுதலையாக நின்று அதனை எடுத்துக்காட்டும் நீலமும் பச்சையும் மாறிமாறி வந்தமையால், கூரையும் சுவரும் ஒன்றையொன்று தாங்கி நின்றன.

கண்டவர் திகைத்தனர், பலர் நகைத்தனர். ‘வண்ணப்பெட்டிக் குடியிருப்பு’ என்ற கேலிப்பெயரும் சூட்டப்பட்டது. காலப்போக்கில் அங்கு வாழ்ந்தோர் அப்பெயரைத் தமதாக்கிக்கொண்டனர். ஏளனமாகத் தொடங்கிய பெயர் பெருமைக்குரியதாகிய கதை தொழிலாளர் இயக்க வரலாற்றிற் புதிதன்று.

1918 நவம்பரிற் புரட்சி மூண்டது, மன்னராட்சி வீழ்ந்தது. அடுத்த ஆண்டில் தவுட் வண்ணக் கட்டடத்துக்கான அறைகூவல் ஒன்றை வெளியிட்டார். கட்டடக் கலைஞர் பலர் அதிற் கையொப்பமிட்டனர். போரினால் வறுமையுற்ற நாடு ஆடம்பரக் கற்களுக்குச் செலவிட இயலாது. மலிவான பூச்சு கைக்கெட்டும் தூரத்தில் உள்ளது. சாம்பல் நிறத்தின் ஆட்சி முடியட்டும் என்பதே அதன் சாரம். 1921இல் மாக்டபேர்க் நகரின் தலைமைக் கட்டடப் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. சமூக சனநாயகக் கட்சியினர் நிருவகித்த அந்நகரிற் புதிய வீடுகள் கட்டப் பணமில்லை. ஆகவே உள்ள வீடுகளுக்கு நிறம் பூசத் தொடங்கினர். நகர மண்டபமே வண்ணமுற்றது. கார்ல் கிரைல் என்பவர் ஒரு தெருவின் முகப்புகளில் நேர்கோடுகளும் கட்டங்களும் மின்னற் கீற்றுகளும் போன்ற உருவங்களைத் தீட்டினார். பெரிய வியாபார நிலையமொன்றின் பழைய முகப்பும் புத்தோவியமாக மாறிற்று.

மாக்டபேர்க் முயற்சியை நாம் கண்ணை மூடிக்கொண்டு போற்றவேண்டியதில்லை. அங்கு பயன்படுத்திய பூச்சுகள் மழைக்கும் புகைக்கும் நில்லாது விரைவில் மங்கின. அதனினும் முக்கியமானது மற்றொன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் வளைவுகளும் தூண்களும் நிறைந்த முகப்புகளின்மேல், அவற்றின் அமைப்போடு உறவில்லாத ஓவியங்கள் ஏற்றப்பட்டன. கூரையும் சுவரும் யன்னலும் ஒன்றையே சொல்ல, பூச்சு வேறொன்றைச் சொல்லிற்று. பழைய வீட்டின்மேற் புதிய நிறத்தை மட்டும் ஏற்றினாற் புதிய வாழ்வு வந்துவிடாது என்பதை மாக்டபேர்க் காட்டியது. நிறம் வெறும் மேற்பூச்சாக அமையாது கட்டடத்தோடு கூடவே பிறக்கவேண்டுமாயின், தொழிலாளருக்கு வீடு கட்டும் அதிகாரமும் பணமும் வேண்டும்.

அப் பணம் 1924இற் பிறந்தது. முந்திய ஆண்டின் பணவீக்கத்தில் ஜேர்மனிய நாணயம் பெறுமதியற்றுப் போயிற்று. வீடு வாங்கக் கடன்பட்டிருந்த உடைமையாளரின் கடன்கள் அதனோடு கரைந்தன. வீடுகளோ அவர்களிடமே இருந்தன. சேமிப்பை இழந்தவர் சாதாரண மக்கள். உழைக்காது பெற்ற இவ்விலாபத்தின்மீது விதிக்கப்பட்டதே வீட்டு வாடகை வரி. அதன் ஒரு பகுதி புதிய குடியிருப்புகளுக்குக் கடனாக வழங்கப்பட்டது. அதே ஆண்டிற் கட்டட நிபுணர் மார்ட்டின் வாக்னரின் முயற்சியால், தொழிற்சங்கங்களின் ஆதரவோடு ‘கேஹாக்’ என்ற வீடமைப்பு நிறுவனம் பேர்லினில் உருவாயிற்று. தவுட் அதன் முதன்மைக் கட்டடக் கலைஞரானார். 1932க்கு முன் அவர் திட்டமிட்ட பேர்லின் வீடுகளின் தொகை பத்தாயிரத்துக்கும் மேல்.

இக்காலத்துக் குடியிருப்புகளிலேதான் செங்கல், கூரை, நிறம் ஆகிய மூன்றின் உறவு நுணுகி ஆராயப்பட்டது. வெடிங் பகுதியின் ஷில்லர் பூங்காக் குடியிருப்பில் தவுட் செங்கல்லையே முகப்பாக விட்டார். அம்ஸ்ரர்டாம் நகரத்துத் தொழிலாளர் வீடுகளின் செங்கல் வேலைப்பாடு அவரைக் கவர்ந்திருந்தது. கருஞ்சிவப்புச் செங்கற் சுவர்களினிடையே வெண்மையும் நீலமும் கொண்ட சாந்துப் பகுதிகள் அளவோடு இடப்பட்டன. செங்கல் தன் நிறத்தைத் தானே சொல்லுமிடத்துப் பூச்சு குறைவாகப் பேசினாற் போதும் என்பது அங்கு கடைப்பிடித்த நெறி.

பிரிற்ஸ் என்னுமிடத்திற் பழைய பண்ணை நிலமொன்றில் 1925இல் தொடங்கிய பெருங்குடியிருப்பு இவற்றுள் மிகப் புகழ்பெற்றது. 1,963 வீடுகள் கொண்ட இதன் நடுவே, பனியுகத்தில் உருவான ஒரு குளத்தைச் சுற்றி, ஏறத்தாழ 350 மீற்றர் நீளமுள்ள மூன்றுமாடிக் கட்டடம் குதிரை லாடம்போல் வளைந்து நிற்கிறது. மன்னர் எவருக்கும் மாளிகை கட்டாது, குளத்தையும் புல்வெளியையும் எல்லாருக்கும் பொதுவாக்கி, அதனைச் சுற்றித் தொழிலாளரின் மாடங்களை வைத்தமை அதன் சிறப்பு. தட்டைக் கூரை கொண்ட இவ்வளைவில் வெண்மையும் நீலமும் ஆள்கின்றன. விளிம்புகளைச் செங்கல் காக்கிறது. அதனைச் சூழ்ந்த சிறு வரிசை வீடுகளுக்குச் சாய்ந்த ஓட்டுக் கூரைகள்; அங்கே சுவர்கள் சிவப்பும் மஞ்சளும் நீலமும் வெண்மையுமாக மாறுகின்றன. குடியிருப்பின் எல்லையில் நீண்ட தெருவொன்றை நோக்கி நின்ற தட்டைக் கூரைக் கட்டட வரிசைக்கு மாட்டிரத்தம் போன்ற சிவப்பு பூசப்பட்டது. தெருவின் எதிர்ப்புறத்தில் வேறொரு நிறுவனம் சாய்ந்த கூரைகளோடு மரபுவழி வீடுகளைக் கட்டியிருந்தது. மக்கள் அச் சிவப்பு வரிசைக்கு ‘செம்முன்னணி’ என்று பெயரிட்டனர். அரசியல் போராட்டம் தெருவில் நிகழ்ந்த அந்நாட்களில் அப்பெயரின் பொருளை எவருக்கும் விளக்கவேண்டியிருக்கவில்லை.

செலன்டோர்ப் பகுதியில், பைன் மரக்காட்டின் நடுவே 1926இல் தொடங்கிய குடியிருப்பில் தவுட் மேலும் ஓரடி முன்சென்றார். வடக்குத் தெற்காக நீண்ட வரிசைகளில், காலைக் கதிர்படும் கிழக்குச் சுவர்களுக்குக் குளிர்ந்த பச்சையும், மாலை வெயில் படியும் மேற்குச் சுவர்களுக்குச் செம்பழுப்பும் பூசினார். ஒரே வீட்டின் இரு முகங்களும் பகற்பொழுதின் இரு எல்லைகளுக்கு விடை கூறின. தொழிற்சங்கத் தலைவர் கார்ல் லெகீன் பெயரால் 1928இல் எழத் தொடங்கிய குடியிருப்பிலோ நிலம் குறுகியது. மாடிகளை நெருக்கிக் கட்டவேண்டியிருந்தது. அங்கே தெருவை நோக்கிய சுவர்கள் யாவற்றுக்கும் வெயிலின் மஞ்சளைப் பூசினார்; ஒடுங்கிய தெரு அகன்றதுபோலத் தோன்றிற்று. உள்முற்றங்களிலோ சிவப்பும் நீலமும் பச்சையும் வந்தன. தீயணைக்கும் வண்டிக்காக அளக்கப்பட்ட முற்றம் எங்கே, மனிதனின் கண்ணுக்காகவும் மனத்துக்காகவும் நிறந்தேர்ந்த முற்றம் எங்கே! எழுபத்தைந்து ஆண்டு இடைவெளியில் ஒரே நகரில் நிகழ்ந்த மாற்றம் இது.

தவுட்டின் பணிகளிலிருந்து நாம் பெறும் நெறிகள் தெளிவானவை. செங்கல், ஓடு ஆகிய மாறாப் பொருள்களே தொடக்கம். ஓடு கண்ணுக்குத் தெரியுமிடத்து அது தெருவின் பொது நிறமாகிறது. தட்டைக் கூரையில் அது மறைந்துவிடுவதால் அதன் பொறுப்பைச் சுவர் ஏற்கவேண்டும். கதிரவனின் திசையும் தெருவின் அகலமும் நிறத்தைத் தீர்மானிக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, எந்தச் சுவரும் தனித்து நிற்பதில்லை. அடுத்த வீட்டுச் சுவரும் எதிர் வீட்டுச் சுவரும் அதனோடு பேசுகின்றன. பூச்சு நிலைத்து நிற்பதற்கும் விஞ்ஞானம் துணை செய்தது. 1878இல் அடோல்ப் வில்லெம் கைம் என்பவர் உரிமம் பெற்ற சிலிக்கேற்றுப் பூச்சு, நீர்க்கண்ணாடியின் உதவியாற் சாந்தோடு இரண்டறக் கலந்து இறுகுவது. மாக்டபேர்க்கின் குறையை இக்காலத்துக் குடியிருப்புகளில் இத்தகைய பூச்சுகளும் நிறமூட்டிய சாந்தும் நீக்கின.

எனினும், உண்மையை முழுமையாகக் கூறவேண்டும். இவ்வீடுகளின் வாடகை, மிகக் குறைந்த கூலி பெற்றோருக்கு எட்டவில்லை. தேர்ந்த தொழிலாளரும் அலுவலகப் பணியாளரும் சிறு உத்தியோகத்தருமே பெரும்பாலும் குடியேறினர். பழைய பாசறைகளின் இருண்ட முற்றங்களில் எஞ்சியோர் பல்லாயிரவர். 1929இன் பொருளாதார நெருக்கடி வந்ததும் வீடமைப்புக்கான பொதுப்பணம் சுருங்கிற்று. முதலாளித்துவ அமைப்பினுள்ளே நல்ல மனமும் நல்ல திட்டமும் எத்துணை தூரம் செல்லக்கூடும் என்பதற்கும் எங்கே நின்றுவிடும் என்பதற்கும் இக் குடியிருப்புகள் ஒருங்கே சான்றாகின்றன.

கூரையின் வடிவமும் இதற்குள் அரசியலாகிவிட்டது. 1928இற் செலன்டோர்ப்பில், கேஹாக்கின் தட்டைக் கூரை வீடுகளுக்கு எதிரே, அலுவலகப் பணியாளர்களுக்கான மற்றொரு வீடமைப்பு நிறுவனம் செங்குத்தாகச் சாய்ந்த கூரைகளோடு வீடுகளைக் கட்டிக் காட்சிக்கு வைத்தது. பத்திரிகைகள் இதனைக் ‘கூரைப் போர்’ என்றன. கூரையின் சாய்வைப் பற்றிய விவாதம் விரைவில் இனத்தைப் பற்றிய விவாதமாயிற்று. தட்டைக் கூரை ஜேர்மனிய மண்ணுக்கு அந்நியமானது, கீழைத்தேயத்தது என்று தேசவெறியர் முழங்கினர். ஸ்ருட்காட் நகரில் 1927இற் கட்டப்பட்ட தட்டைக் கூரைக் குடியிருப்பின் நடுவே ஒட்டகங்களையும் அராபியரையும் ஒட்டி, அதனை அரபுக் கிராமமாகக் காட்டும் அஞ்சலட்டையும் பின்னர் உலவியது. ஒரு கட்டடத்தை இழிவுபடுத்துவதற்கு அதனை ஆசிய, ஆபிரிக்க மக்களோடு ஒப்பிட்டாற் போதும் என்ற மனப்பான்மை எத்தகையதென்பதை நமது வாசகர்களுக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை.

1933 வந்தது. பிரிற்ஸ் குடியிருப்பில் வாழ்ந்த கவிஞரும் புரட்சியாளருமான எரிக் மூசாம், நாடாளுமன்றத் தீவிபத்தை அடுத்த காலையில், பெப்ரவரி 28ஆந் தேதி கைதுசெய்யப்பட்டார். 1934 ஜூலையில் ஒரானியன்பேர்க் வதைமுகாமிற் கொல்லப்பட்டார். தவுட் 1933 மார்ச்சில் நாட்டைவிட்டு வெளியேறினார். யப்பானில் மூன்று ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, பின் துருக்கிக்குச் சென்று, 1938 டிசம்பரில் இஸ்தான்புல் நகரிற் காலமானார். வாக்னரும் பதவி இழந்து நாடுவிட்டுச் சென்றார். தொழிற்சங்கங்கள் நசுக்கப்பட்டன, கேஹாக் நாசிகளின் தொழில் முன்னணியின் கைக்கு மாறிற்று. நாளடைவில் வண்ணச் சுவர்களும் மங்கின. மேலே வேறு பூச்சுகள் ஏறின.

போருக்குப் பின்னர் நகரம் இரண்டாகப் பிரிந்தது. பிரிற்சும் செலன்டோர்ப்பும் ஷில்லர் பூங்காவும் மேற்கில் இருந்தன. பால்கன்பேர்க்கும் கார்ல் லெகீன் குடியிருப்பும் கிழக்கில் இருந்தன. இரு புறத்தும் வீடுகளைப் பழுது பார்த்தவர்களுக்கு அவசரமே பெரிதாயிற்று; பழைய நிறங்கள் மறக்கப்பட்டன. 1970களின் பிற்பகுதியிலிருந்து கட்டடக் கலைஞர் சிலர் சுவர்களின் பூச்சை அடுக்கடுக்காகச் சுரண்டி, அடியிலிருந்த முதல் நிறத்தைக் கண்டறியும் பணியில் இறங்கினர். முதலில் மேற்கிலும், 1990இன் பின் கிழக்கிலும் வீடுகள் தம் நிறத்தை மீளப் பெற்றன. 2008இற் பேர்லினின் ஆறு குடியிருப்புகள் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றன. அவற்றுள் நான்கு தவுட்டின் பணியோடு தொடர்புடையன.

கதை இங்கே இனிது முடிந்தது என்று சொல்வதற்கில்லை. 1998இற் பேர்லின் நகர அரசு கேஹாக்கைத் தனியாருக்கு விற்றது. கைமாறிக் கைமாறி அது பங்குச் சந்தையில் இலாபம் தேடும் பெருநிறுவனங்களின் உடைமையாயிற்று. பிரிற்சின் வரிசை வீடுகள் தனித்தனியே விற்கப்பட்டன. பொதுவுடைமையாகத் திட்டமிடப்பட்ட தெருவில் ஒவ்வொரு வீடும் ஒவ்வொருவர் சொத்தானபோது, கட்டுரையின் தொடக்கத்தில் நாம் எழுப்பிய கேள்வி புதிய உருவில் எழுந்தது: இச் சுவர் யாருடையது? வீட்டுக்காரர் தம் விருப்பப்படி கதவை மாற்றலாமா? ஓட்டை மாற்றலாமா? ஒருவர் தம் சுவருக்கு வேறு நிறம் பூசினால் வரிசை முழுவதும் உருக்குலையாதா? 1986 முதல் மரபுரிமைச் சட்டத்தின் பாதுகாப்புப் பெற்ற குடியிருப்பாகையால் முதல் நிறத்தைப் பேணவேண்டியது கடமை. அங்கு வாழ்வோர் சிலர் சங்கமாகக் கூடி, வீட்டுக்கு வீடு நிறத்தையும் கதவையும் யன்னலையும் பதிவுசெய்து அண்டை வீட்டாருக்கு வழிகாட்டுகின்றனர். கூட்டுறவிற் பிறந்த நிறம், கூட்டு முயற்சியாலேயே காக்கப்படுகிறது.

ஆனால் நிறத்துக்கு உள்ள சட்டப் பாதுகாப்பு, அவ்வீடுகளில் வாழும் வாடகையாளருக்கு அதே உறுதியோடு இல்லை. சுவரின் மஞ்சள் மாறக்கூடாது. வாடகை மட்டும் ஏறலாம் என்ற முரண்பாடு எவரையும் சிந்திக்க வைக்கும். 2021 செப்டெம்பர் 26ஆந் தேதி பேர்லின் மக்களிடம், பெரும் வீட்டு நிறுவனங்களின் உடைமைகளைப் பொதுவுடைமையாக்கலாமா என்று வாக்கெடுப்பு நடத்தப்பட்டது. வாக்களித்தோரிற் பெரும்பான்மையினர் ஆம் என்றனர். அவ்வாக்கெடுப்பு அரசைச் சட்டப்படி கட்டுப்படுத்துவதாக இல்லை. எனினும், நூறாண்டுகளுக்கு முன் எழுப்பப்பட்ட கேள்வி இன்னும் உயிரோடிருக்கின்றது என்பதை அது உணர்த்திற்று.

ஒழுகும் கூரையை வேய வழியற்றவனுக்கு நிறம் எதற்கு என்று கேட்டோருக்கு இவ்வரலாறு தரும் விடை யாது? கூரை முதலில் வேண்டும் என்பதில் ஐயமில்லை. தவுட்டும் அவருடைய தோழர்களும் முதலிற் கூரையையே அமைத்தனர். ஆயின், கூரை அமைத்துக் கொடுத்தோம், நிறத்தைக் கேட்க உனக்கு உரிமையில்லை என்று உழைப்பவனிடம் சொல்வது, அவனைப் பாசறையிலே குடிவைத்தவர்களின் கணக்கையே வேறு வாயாற் சொல்வதாகும். தீயணைக்கும் வண்டிக்கு வேண்டிய இடத்தை அளந்தவர்கள் மனிதனுக்கு வேண்டிய வெளிச்சத்தை அளக்க மறந்தனர். அதனை அளக்க முற்பட்டவர்கள் செங்கல்லையும் ஓட்டையும் கதிரவனின் திசையையும் அண்டை வீட்டையும் பார்த்து நிறந்தேர்ந்தனர். பள்ளிகளையும் வீடுகளையும் பொதுக் கட்டடங்களையும் எழுப்பும் எந்தச் சமுதாயமும் அவர்களிடம் கற்றுக்கொள்ளவேண்டிய பாடம் இதுவே. அடுத்த முறை நமது பாடசாலைச் சுவருக்கு ஏதோ ஒரு மலிவான பூச்சைப் பூசிவிட்டு நகரும்போது, அச் சுவரை நாள்தோறும் பார்க்கப்போகும் பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை கேட்டோமா என்று நாம் நம்மையே கேட்டுக்கொள்வோமாக.